அதிமதுரத்தைக் கருக்கிக் கொடுத்தால் அல்சர் ஆறிவிடுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் கணவருக்கு 49 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை என்பதால் முழங்கால் வலி வரும். மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மேல்வயிற்று எரிச்சல் தாங்காமல் எண்டோஸ்கோபி எடுத்ததில், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் 1 செ.மீ. அளவுக்குப் புண் இருப்பதாகச் சொன்னார்கள். சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை சாப்பிட்டுப் பத்து நாளில் எரிச்சல் போனதும் அதையும் நிறுத்திவிட்டார், ரிசல்ட் வாங்கவும் போகவில்லை. இப்போது மறுபடி எரிச்சல். அதிமதுரத்தைக் கருக்கினால் அது நானோ கார்பனாக மாறி அல்சரை ஆற்றும், சீனாவில் நிரூபித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. என் நாத்தனார் இரும்புச் சட்டியில் அதிமதுரத்தைக் கரியாகும்வரை வறுத்து, இடித்துச் சலித்துக் கொடுத்தார். ஒரு வாரமாகத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார். நன்றாக இருக்கிறது என்கிறார். மலம் மட்டும் கருப்பாகப் போகிறது, அது கரியால்தான் என்கிறார். நானோ கார்பன் சொட்டு மருந்து என்று ஆன்லைனிலும் விற்கிறார்கள். அதை வாங்கலாமா, இல்லை வீட்டுக் கரியே போதுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்:

சகோதரி, அதிமதுரக் கரியைப் பற்றி அப்புறம் பேசலாம். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மலம் கருப்பாகப் போகிறது என்று, அதை முதலில் பார்த்துவிட வேண்டும். இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால், கடிதம் கிடைத்த அன்றே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லி உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் வேறு வீடுகளிலும் யாராவது இருக்கலாம் என்பதால் இங்கேயும் விளக்கமாகச் சொல்கிறேன்.

இரைப்பைப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தால் அது பெரும்பாலும் மலத்தில் சிவப்பாக வராது. அமிலத்தில் பட்டு, குடல் நெடுகச் செரித்து இறங்குவதற்குள் கருத்துவிடும். 50 முதல் 100 மில்லி ரத்தம், அதாவது ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு கசிந்தாலே மலம் கருப்பாகிவிடும். ரத்தம் கலந்த மலம் தார் மாதிரி பளபளப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். தண்ணீர் ஊற்றினால் லேசில் போகாது, பீங்கானில் ஒட்டிக்கொள்ளும். நாற்றமும் வழக்கமான நாற்றமாக இருக்காது. ஒருமுறை முகர்ந்த நர்ஸ் வாழ்நாளில் மறக்க மாட்டார். கரி சாப்பிட்டதால் வரும் கருப்பு அப்படியில்லை. மங்கலாக, சாம்பல் கலந்ததுபோல இருக்கும். தண்ணீரில் கரைந்து போய்விடும். தனி நாற்றம் கிடையாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கரும்பச்சையாகப் போகும்.

இவ்வளவு வித்தியாசம் சொன்னாலும், வீட்டில் பார்த்து முடிவுகட்டும் விஷயம் அல்ல இது. இரைப்பையில் புண் இருப்பது எண்டோஸ்கோபியில் தெரிந்துவிட்டது, வைத்தியம் பாதியில் நின்றிருக்கிறது, வலி மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவருக்குக் கருப்பாக மலம் போனால், ரத்தம் இல்லை என்று தெரியும்வரை ரத்தம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் பார்த்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். எழுந்து நின்றால் கண் இருட்டுவது, வியர்ப்பது, நெஞ்சு படபடப்பது, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுப்பது, இதில் எது வந்தாலும் நேரே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

அந்தக் கரியில் எனக்கு முதல் ஆட்சேபணை இதுதான். அதற்கு மருந்து குணம் இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது விஷயம். அல்சர்காரருக்கு வரக்கூடிய ஆபத்துக்கு உடம்பு காட்டும் முக்கியமான வெளி அடையாளத்தை அது மறைத்துவிடுகிறது.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீடியோவில் சொன்னது முழுப் புளுகு அல்ல. பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2021இல் அதிமதுர வேரிலிருந்து கார்பன் நானோ துகள்களை எடுத்து, சாராயத்தால் எலியின் இரைப்பையில் உண்டாகும் புண்ணுக்கு எதிராகச் சோதித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அதே ஆண்டில் சோபோரா என்ற இன்னொரு சீன மூலிகையின் வேரைக் கருக்கியும் இதேபோல ஒரு கட்டுரை வந்தது. இரண்டிலும் எலிகளுக்குப் பலன் தெரிந்தது. நான் அந்த ஆராய்ச்சியைக் கேலி செய்ய மாட்டேன். படிக்கச் சுவையான வேலை.

அவர்களுக்கு இந்த யோசனை வந்ததற்குப் பின்னால் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. நம் சித்த மருத்துவத்தில் பற்பம், செந்தூரம் என்று புடம் போடுவதுபோல, சீன மருத்துவத்தில் மூலிகையைக் கருக்கிக் கொடுக்கும் முறை உண்டு. அதிகமும் ரத்தப்போக்கை நிறுத்துவதற்கு. 1348இல் கே கெஜியூ என்ற வைத்தியர் எழுதிய நூலில் பத்து மூலிகைகளைக் கருக்கிச் சேர்த்த ஒரு தூள் வருகிறது. அது இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. கருப்பைக் கண்டால் சிவப்பு நின்றுவிடும் என்பது அவர்கள் சொல்லும் பழைய வாக்கு. பச்சை மூலிகைக்கு இல்லாத குணம் கருக்கியதும் எப்படி வருகிறது என்று தேடிப்போனவர்கள், அந்தக் கரியை வேகவைத்த தண்ணீருக்குள் இந்தத் துகள்களைக் கண்டார்கள்.

கார்பன் துகள்கள் கண்ணில் பட்டதே தற்செயலாகத்தான். 2004இல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோ குழாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, கழிவாக ஒதுங்கிய ஒரு பகுதி புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தினர் இவற்றுக்குக் கார்பன் டாட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு துகளும் 10 நானோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் அளவு புரியும். சாதாரணக் கரி தண்ணீரில் கரையாது, இது கரையும். மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த வேதித் தொகுதிகள் ஒட்டியிருப்பதுதான் காரணம். திசுக்களைக் கெடுக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்குவதும் இந்த மேற்பரப்பின் வேலை என்று கருதுகிறார்கள்.

இனி உங்கள் நாத்தனாரின் இரும்புச் சட்டிக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்போம். இந்த வகை ஆராய்ச்சிகளில் மூலிகையை மூடிய பாத்திரத்தில் வைத்து, மின் உலையில் 300 முதல் 400 டிகிரி வரையிலான ஒரே சீரான சூட்டில் கருக்குகிறார்கள். அப்புறம் அந்தக் கரியைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கொதிக்கவைக்கிறார்கள். கொதித்த நீரை, பாக்டீரியா கூட நுழைய முடியாத 0.22 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிகட்டுகிறார்கள். இந்த இடத்தில் கரி முழுவதும் மேலே தங்கிவிடுகிறது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்! கீழே இறங்கிய பழுப்பு நீரையும் அப்படியே விடுவதில்லை. மெல்லிய சவ்வுப் பைக்குள் ஊற்றி, தண்ணீரை மாற்றி மாற்றி நாள்கணக்கில் ஊறவைத்து, சின்ன மூலக்கூறுகளை வெளியேற்றுகிறார்கள். பைக்குள் மிஞ்சுவதுதான் எலிக்குப் போகிறது. ஆக, அவர்கள் வேண்டாம் என்று எறிந்த பகுதியைத்தான் உங்கள் கணவர் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார்.

அவர்கள் கழுவி வெளியேற்றியதும் இவருக்குள்ளேதான் போகிறது. எந்தச் செடியைக் கருக்கினாலும் அதில் பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் உண்டாக வாய்ப்பிருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கருகிய தோசையை ஒருநாள் சாப்பிட்டதற்காக யாரும் பயப்பட வேண்டாம். மருந்து என்ற பெயரில் தினம் இரண்டு வேளை கரி சாப்பிடுவதை அதோடு சேர்க்க முடியாது. இன்னொன்று, கரி மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். விஷம் குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கரிக் கரைசல் கொடுப்பதே இதற்காகத்தான். வீட்டுக் கரிக்கு அந்த அளவு பிடிமானம் இல்லாவிட்டாலும், பிரஷர் மாத்திரையோடு சேர்த்து அதை விழுங்குவது புத்திசாலித்தனமல்ல.

ஆன்லைனில் விற்கும் சொட்டு மருந்துக்கு அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. மனிதர்களிடம் முறையாகச் சோதித்து, அல்சருக்கு மருந்தாக அனுமதி பெற்ற கார்பன் நானோ துகள் எதுவும் இன்று கடைகளில் இல்லை. அப்படியானால் அந்தப் பாட்டிலில் இருப்பது அனுமதி பெற்ற மருந்து அல்ல. இப்படிப்பட்ட பாட்டில்மேல் நீல விளக்கு அடித்து ஒளிர்வதை யாராவது காட்டினால் மயங்க வேண்டாம். மஞ்சள் தூளைக் கரைத்து அதே விளக்கைக் காட்டுங்கள், அதுவும் ஒளிரும். நானோ என்ற சொல்லுக்காக மட்டும் காசு கொடுப்பதானால் இன்னொன்றும் சொல்கிறேன்: குவாஹாட்டி ஐஐடி ஆராய்ச்சியாளர்கள் 2012இல் ரொட்டி, பிஸ்கட், வெல்லம், சர்க்கரைப் பாகு எல்லாவற்றிலும் கார்பன் நானோ துகள்கள் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் நாம் அதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது எலிக்கு வருவோம். என்னைப் போன்றவர்கள் இந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது முதலில் தேடுவது, புண்ணை எப்படி உண்டாக்கினார்கள் என்பதைத்தான். இந்தச் சோதனையின் நடைமுறை பொதுவாக இப்படி இருக்கும். எலியைப் பட்டினி போடுவார்கள். சோதிக்க வேண்டிய பொருளை வாய்வழியே முதலில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் கடுமையான சாராயத்தை நேரே இரைப்பைக்குள் செலுத்துவார்கள். ஒரு மணி நேரம்போலக் கழித்து இரைப்பையை வெட்டித் திறந்து விரித்துப் பார்த்தால், உட்புறத்தில் நீளநீளமாக ரத்தக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளின் நீள அகலத்தை அளப்பார்கள். மருந்து வாங்கிய எலிக்குக் கோடு குறைவாக இருந்தால், பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

கவனியுங்கள், இங்கே மருந்து முதலில், புண் பிறகு. உங்கள் வீட்டில் புண் ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் சாராயம் ஊற்றி ஒரு மணி நேரத்தில் வந்த புண் அல்ல, மாதக்கணக்கில் ஆழமாகப் பள்ளம் விழுந்த புண். இரண்டுக்கும் ஒரே பெயர் சொன்னாலும் நோய் வேறு.

இந்தச் சோதனைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதை வீடியோக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவில் ஆந்த்ரே ராபர்ட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1979இல், எலியின் இரைப்பையைச் சாராயம், அமிலம், காரம், உப்புநீர், கொதிநீர் இவற்றிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் காப்பாற்றுவதைக் காட்டினார்கள். 1983இல் அதைவிட வேடிக்கையான ஒன்றைக் கண்டார்கள். லேசாக எரிச்சலூட்டும் எதை முதலில் கொடுத்தாலும், இரைப்பை தானே சுதாரித்து அந்தப் பொருளைச் சுரந்துகொள்கிறது. பின்னால் வரும் கடும் தாக்குதலைத் தாங்கிவிடுகிறது. தண்ணீர் கலந்த சாராயத்தை முன்கூட்டிக் கொடுத்தாலே தண்ணீர் கலக்காத சாராயத்திலிருந்து எலி தப்பித்துவிடும்! மிளகாயின் காரச்சத்தைக் கொஞ்சமாகக் கொடுத்தாலும் இதே கதைதான். இதைப் படித்துவிட்டு அல்சருக்குச் சாராயத்தை மருந்தாக எழுதிக் கொடுத்த டாக்டர் யாரும் இல்லை. அந்த எலிச் சோதனையில் பாஸ் ஆன பொருள்களின் பட்டியல் மிக நீளம். அங்கிருந்து மருந்துக்கடை வரை வந்து சேர்ந்தவை மிகக் குறைவு. சீனக் கட்டுரைகளில் வீக்கத்தைத் தூண்டும் புரதங்கள் குறைந்ததையும், ஆக்சிஜன் சேதத்தை எதிர்க்கும் நொதிகள் கூடியதையும் அளந்து காட்டியிருக்கிறார்கள். நல்ல தொடக்கம்தான். தொடக்கம் என்ற அளவோடு அதை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அதிமதுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கதை வேறு. அல்சருக்கு அதைக் கொடுத்த நம் வைத்தியர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்ல. குன்மம் என்று அவர்கள் அழைத்த வயிற்று நோய்களில் அதற்கு இடம் உண்டு. மேல்நாட்டு மருத்துவமும் ஒரு காலத்தில் அதன் பின்னால் போயிருக்கிறது. 1946இல் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர், அல்சர் நோயாளிகளுக்கு அதிமதுரச் சாறு பலன் தருவதாக எழுதினார். கூடவே, அதைச் சாப்பிட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கியதையும் எழுதினார். அந்த வேரிலிருந்து பிறந்த கார்பெனாக்சோலோன் என்ற மருந்து 1960களில் பிரிட்டனில் இரைப்பைப் புண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. அது மனிதர்களிடமே வேலை செய்தது, புண்ணை ஆற்றியது. ஆனால் சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் உப்பும் நீரும் தங்கின, ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. 1976இல் சிமெடிடின் என்ற அமிலம் குறைக்கும் மருந்து வந்ததும், இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று அதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

தொல்லைக்குக் காரணம் அதிமதுரத்தின் இனிப்பேதான். கிளிசிரைசின் என்ற அந்த இனிப்புப் பொருள், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் ஹார்மோனை அடக்கிவைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அடங்காத கார்ட்டிசால், உப்பைச் சேர்த்துவைக்கும் இன்னொரு ஹார்மோன் மாதிரி வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய ஒன்றிய உணவு அறிவியல் குழு 2003இல் சொன்ன வரம்பு. அதுவும் ஆரோக்கியமானவர்களுக்கு. வீட்டுச் சட்டியில் வறுக்கும்போது வேரின் வெளிப்புறம் கரியாகி உட்புறம் பழுப்பாகவே நின்றுவிடும். வாயில் போட்டால் இனிப்பு தெரியும். இனித்தால் கிளிசிரைசின் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் கணவர் பிரஷர்காரர். அந்த மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தால் பொட்டாசியம் இரண்டு பக்கமும் இறங்கும். கால் சோர்வு, தசைப்பிடிப்பில் ஆரம்பித்து இதயத்துடிப்பு தாறுமாறாவது வரை போகலாம். எனவே கருக்கியதும் வேண்டாம், கருக்காத அதிமதுரத் தூளும் இவருக்கு வேண்டாம். தொண்டைக் கரகரப்புக்கு எப்போதாவது ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதைப் பற்றி நான் பேசவில்லை. தினசரி மருந்தாக எடுப்பதைத்தான் சொல்கிறேன்.

நன்றாக இருக்கிறது என்கிறாரே, அது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அல்சர் வலி தானே வரும், தானே போகும். பழைய மருந்துச் சோதனைகளில் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு, சில சோதனைகளில் அதற்கு மேலும், ஒரு மாதத்தில் புண் ஆறியிருக்கிறது. அதோடு, வலி மாத்திரை போடுபவர்களுக்கு அந்த மாத்திரையே அல்சர் வலியையும் அமுக்கிவிடும். வலியே இல்லாமல், நேரே ரத்த வாந்தியோடு வந்து சேரும் முழங்கால் வலிக்காரர்களை எங்கள் வார்டில் அடிக்கடி பார்க்கிறோம்.

புண்ணை ஆற்றுவது இன்று கடினமான வேலை அல்ல. ஏன் வந்தது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தாவிட்டால் ஆறிய இடத்திலேயே மறுபடி வரும். பெரும்பாலான அல்சர்களுக்குக் காரணம் இரண்டுதான்: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது வலி மாத்திரை. உங்கள் கணவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

கிருமியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் அதை வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் கிருமி வாழாது என்று மற்றவர்கள் நம்ப மறுத்தபோது, மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. எல்லோருக்கும் அல்சர் வருவதில்லை, ஆனால் அல்சர் வந்தவருக்குக் கிருமி இருந்தால் ஒழித்தே ஆக வேண்டும். இரண்டு வாரம் மூன்று அல்லது நான்கு வகை மாத்திரைகள் சாப்பிட வேண்டும். வாய் கசக்கும், குமட்டும், பாதியில் விட்டுவிடலாம் என்று தோன்றும். விட்டால் மிஞ்சிய கிருமிக்கு அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். அந்த மருந்துகளில் பிஸ்மத் இருந்தால் மலம் கருப்பாகப் போகும் என்பதையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்லப் போகிறேன். டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், இபுபுரூஃபன் இவையெல்லாம் முழங்காலில் வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினை நிறுத்துகின்றன. அதே குடும்பத்துப் பொருள்தான் இரைப்பைச் சுவரில் சளிப்படலத்தைச் சுரக்க வைத்து அமிலத்திடமிருந்து காப்பது. ராபர்ட்டின் எலிகளைக் காப்பாற்றியதும் அதுதான். மாத்திரைக்கு எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் விடுவது என்று தெரியாது. மாத்திரை வேண்டாம், ஊசியாகப் போட்டுக்கொள்கிறேன், வயிற்றில் படாது என்று சிலர் சாமர்த்தியமாகக் கேட்பார்கள். ரத்தத்தின் வழியாகப் போய் இரைப்பையைக் கெடுக்கும் மருந்துக்கு ஊசியும் ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான். வலி தாங்காவிட்டால் பாரசிட்டமால், மேலே தடவும் ஜெல், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, கட்டிங் டேபிள் பக்கத்தில் உயரமான ஒரு ஸ்டூல், இவற்றில் தொடங்கலாம். எலும்பு மருத்துவரிடம் போனால் அல்சர் இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

பத்து நாளில் நிறுத்திய அந்த மாத்திரை பெரும்பாலும் பான்டபிரசோல் வகையாக இருக்கும். கேஸ் மாத்திரை என்று சொல்லிச் சொல்லி அதன் மரியாதையைக் கெடுத்துவிட்டோம். எரிச்சல் சில நாட்களில் போய்விடும், ஆனால் 1 செ.மீ. பள்ளம் மூடுவதற்கு வழக்கமாக எட்டு வாரம் கொடுப்போம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில் போட வேண்டும். அமிலத்தைச் சுரக்கும் பம்புகள் சாப்பிடும்போதுதான் விழித்தெழும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்து, ஏப்பம் வந்த பிறகு போடுகிறவர்களுக்கு முழுப் பலன் கிடைப்பதில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோரும் கேட்பதால் ஒரு வரி. காரம் அல்சரை உண்டாக்குவதில்லை. எரிச்சல் தந்தால் குறைத்துக்கொள்ளட்டும். சிகரெட் பிடித்தால் புண் ஆறுவது தள்ளிப்போகும், அதை விடச் சொல்லுங்கள். மதுவும் இப்போது வேண்டாம்.

சதை எடுத்து அனுப்பினார்களே, அந்த ரிசல்ட்டை வாங்காமல் விட்டதுதான் கருப்பு மலத்துக்கு அடுத்தபடியாக எனக்குக் கவலை தந்தது. சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண் புற்றாக இருப்பது மிக அபூர்வம். இரைப்பைக்குள் வரும் புண்ணை அப்படி விட முடியாது. பார்வைக்குச் சாதாரண அல்சர் மாதிரியே தெரியும் புற்றுநோய்களும் இருக்கின்றன. 49 வயதில் பெரும்பாலும் சாதாரணப் புண்ணாகத்தான் இருக்கும், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் இரண்டு பதில்கள் இருக்கும்: புற்று செல்கள் உண்டா, கிருமி உண்டா. காசு கொடுத்து எடுத்த டெஸ்ட், ரிசல்ட் லேபில் தூங்குகிறது. போய் வாங்குங்கள். மருந்து முடிந்ததும், புண் முழுவதும் ஆறியதா என்று மறுபடி ஒருமுறை எண்டோஸ்கோபி பார்க்க வேண்டியிருக்கும். வலி இல்லை என்று அதைத் தட்டிக் கழிக்க விடாதீர்கள்.

கிருமி இருந்து மருந்து கொடுத்தால், அது ஒழிந்ததா என்று உறுதி செய்வதற்கு மூச்சை ஊதிப் பார்க்கும் எளிய பரிசோதனை இருக்கிறது. கிருமிக்கொல்லி முடிந்து குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும், கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவர் தேதி போட்டுச் சொல்வார்.

நாத்தனாரிடம் சண்டை போட வேண்டாம். அண்ணன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதானே புகையில் நின்று வறுத்துக் கொடுத்திருக்கிறார். மீதமிருக்கும் கரித்தூளில் கொஞ்சத்தை ஒரு பொட்டலமாகக் கட்டி மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எத்தனை நாள், எவ்வளவு சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை அட்டையும் பழைய எண்டோஸ்கோபி படமும் கையில் இருக்கட்டும். அப்புறம், செட் மாத்திரை கொடுத்த மெடிக்கலுக்குப் போய், என்னென்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையை வெட்டித் துண்டுதுண்டாகக் கொடுப்பதால் பெயரே தெரியாமல் போய்விடுகிறது. கொஞ்சம் முறைப்பார்கள், பரவாயில்லை, எழுதித் தரும்வரை நில்லுங்கள்.